கரிசலுக்கு மெடல் தெரியாது!

விடியற்காலை நாலே முக்காலுக்கு ஒரு மனுஷனை எழுப்பிவிடுவது மகா பாவம். அந்தப் பாவத்தை என் அக்கா மகன் ஆறு மாசமாகத் தினமும் செய்துகொண்டிருக்கிறான்.

"மாமா... எந்திரிங்க. டைம் பாக்கணும்."

நான் பி.காம். எனக்குப் பார்க்கத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட். ஆனாலும் செல்போனில் ஸ்டாப் வாட்ச்சைத் தட்டிவிட்டு, எட்டயபுரம் ரோட்டோரம் கொட்டாவி விட்டபடி நிற்பேன். அவன் 1.6 கிலோமீட்டர் ஓடுவான். ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடி முடித்தால் ராணுவ ஆள்சேர்ப்பில் ஓட்டத்துக்கு முழு மார்க். போன தடவை கம்ப்யூட்டர் பரீட்சையில் பாஸாகி, ஓட்டத்தில் சில விநாடி பிந்தி, கடைசிப் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தான். மூன்று நாள் யாரிடமும் பேசவில்லை. நாலாவது நாள் என்னை எழுப்ப ஆரம்பித்துவிட்டான்.

எனக்கு அவன் மேல் கோபம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. 19 வயசில் நானும் ஆள்சேர்ப்புக்குப் போனவன்தான். மூச்சை இழுத்து மார்பை 5 சென்டிமீட்டர் விரித்துக் காட்டச் சொன்னார்கள். நான் 4 காட்டினேன். அந்த ஒரு சென்டிமீட்டரில் இந்திய ராணுவம் ஒரு சிப்பாயை இழந்தது. பத்திரிகை உலகத்துக்கு ஒரு கட்டுரையாளன் கிடைத்தான். நஷ்டம் யாருக்கு என்பதை வாசகர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

ஓட்டம் முடிந்ததும் டீக்கடை. அங்கே பட்டாளத்து மாமா உட்கார்ந்திருப்பார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று சொல்லப்படும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் 28 வருஷம். 1780-ல் வேர் பிடித்த படை அது. தலைமையிடம் பெங்களூர் அல்சூர். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, மற்றவர்கள் நடக்க வழி போட்டுக் கொடுப்பது இவர்கள் வேலை. அந்தப் படையில் இருப்பவர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயரே 'தம்பி'தான். நம்ம மாமா ரிட்டயரான தம்பி.

அன்றைக்கு டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"உம்ம மருமவன் நல்லா ஓடுதான் வே. ஆனா தனியா ஓடுதான்."

"ரேஸ்னா தனியாத்தானே மாமா ஓடணும்?"

"ரேஸுக்குச் சரி. பட்டாளத்துக்கு? பட்டாளத்துலயும் போட்டி உண்டு. நாட்டுக்கு நாடு போட்டி. அதுல ஒருத்தன் முன்னால ஓடி வந்தா ஒரு மார்க்கும் கிடையாது, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நாட்டுக்கு நாடு ராணுவப் போட்டி என்றால் அதற்கு யுத்தம் என்று பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா தலையிலடித்துக்கொண்டார். அன்று ஆரம்பித்த தேடலின் பலன்தான் இந்தக் கட்டுரை.

முதல் பரிசு இல்லாத போட்டி

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ். அங்கே கேம்ப்ரியன் மலைகள். மழை, குளிர், சேறு, பனிமூட்டம் நாலும் ஒரே மத்தியானத்தில் வந்துபோகும் ஊர். 1959-ல் வேல்ஸைச் சேர்ந்த பகுதிநேரப் படைவீரர்கள் சிலர், வார விடுமுறையில் இந்த மலைகளில் நீண்ட தூரம் நடந்து, கடைசியில் துப்பாக்கி சுட்டுப் பார்ப்பது என்று ஒரு பயிற்சியை ஆரம்பித்தார்கள். (நாமெல்லாம் வார விடுமுறையில் குற்றாலம் போவோம். ஊருக்கு ஊர் ருசி!) அதுதான் வளர்ந்து 'கேம்ப்ரியன் பேட்ரோல்' என்று இன்று உலகப் புகழோடு நிற்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் 160-வது வெல்ஷ் பிரிகேட் நடத்துகிறது.

ஒரு குழுவுக்கு எட்டுப் பேர். 48 மணி நேரத்துக்குள் சுமார் 60 கிலோமீட்டர். முதுகில் முழு மூட்டை. புறப்படும்போதே மூட்டையைப் பிரித்துச் சோதிப்பார்கள்; இருக்க வேண்டிய சாமான் இல்லையென்றால் அங்கேயே மார்க் போச்சு. வழி நெடுகச் சோதனைகள். குளிர்ந்த ஆற்றை மூட்டையோடு கடக்க வேண்டும். காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்ய வேண்டும். எதிரி இருக்கும் இடத்தை ஒளிந்திருந்து பார்த்து, என்னென்ன பார்த்தோம் என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பிடிபட்ட கைதியை முறைப்படி நடத்துகிறார்களா என்பதற்குக் கூட மார்க் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி: இந்தப் போட்டியில் முதல் பரிசு என்று ஒன்று கிடையாது! 75 சதவீதம் எடுத்தால் தங்கம். 65-க்கு வெள்ளி. 55-க்கு வெண்கலம். பத்துக் குழு 75 எடுத்தால் பத்துக் குழுவுக்கும் தங்கம். ஒருவரும் எடுக்கவில்லையா? ஒருவருக்கும் இல்லை. பக்கத்துக் குழுவைத் தோற்கடிப்பதால் காலணா பிரயோஜனம் இல்லை. எதிரி, அந்த 75 என்ற நம்பர்தான். மார்க்கும் குழுவுக்குத்தான், தனி ஆளுக்கு இல்லை.

2021 அக்டோபரில் நடந்த போட்டியில் 96 குழுக்கள். இந்திய ராணுவத்தின் சார்பில் போனது கூர்க்கா ரைஃபிள்ஸ் படைப்பிரிவின் 4/5 பட்டாலியன் குழு. தங்கத்தோடு திரும்பியது. மலைநாட்டுப் பிள்ளைகள், மலையேறுவது அவர்களுக்கு நாம் மாடிப்படி ஏறுவது மாதிரி. (நான் மாடிப்படி ஏறுவதை வைத்து அவர்களை எடை போடாதீர்கள்.)

அறுந்த பெல்ட்

இனி ரஷ்யாவுக்குப் போவோம். 2013-ல் ரஷ்யா 'டாங்கி பயத்லான்' என்று ஒன்றை ஆரம்பித்தது. பனிச்சறுக்கில் ஓடிக்கொண்டே இடையிடையே துப்பாக்கி சுடுவார்களே, அந்த விளையாட்டைத் தூக்கி 40 டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கியின் தலையில் வைத்துவிட்டார்கள். ஒரு டாங்கியில் மூன்று பேர்: கமாண்டர், சுடுபவர், டிரைவர். மேடு, பள்ளம், தண்ணீர் எல்லாம் தாண்டி ஓட வேண்டும். நடுநடுவே இலக்கைச் சுட வேண்டும். குறி தப்பினால் தண்டனையாக ஒரு கூடுதல் சுற்று ஓடிவிட்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையனைக் கிரவுண்டைச் சுற்றிவரச் சொல்வதைப் போல!

2015-லிருந்து இதோடு இன்னும் பல போட்டிகளைச் சேர்த்து, சர்வதேச ராணுவ விளையாட்டுகள் என்று 2022 வரை ரஷ்யா நடத்தியது. வேடிக்கை பார்க்க ஜனங்களுக்கு அனுமதி. டாங்கி வாங்க வரும் நாடுகளுக்கும் ஒரு கண்காட்சி. நம்ம ஊர்த் தீபாவளி மத்தாப்பு வியாபாரிகள் இரண்டு வெடியைப் பற்றவைத்துக் காட்டுவார்களே, அதே வியாபாரம்தான்.

இந்தியா 2014-லிருந்து டாங்கி பயத்லானில் கலந்துகொண்டது. முதலில் ரஷ்யா கொடுத்த டாங்கிகளில் ஓட்டினார்கள். 2017-ல், 'நம்ம டாங்கியையே கொண்டு போவோம்' என்று இரண்டு டி-90 டாங்கிகளை அனுப்பினார்கள். டி-90 என்றால் பீஷ்மா. ரஷ்ய வடிவமைப்பு, உரிமம் வாங்கி நம்ம சென்னை ஆவடியில் செய்கிறோம். 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட அதே ஆவடித் தொழிற்சாலைதான்.

மாஸ்கோவுக்குப் பக்கத்தில் அலபினோ மைதானம். ஆரம்பச் சுற்றுகளில் நம்மவர்கள் நன்றாகவே ஓட்டினார்கள். அப்புறம் முதல் டாங்கியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. சரி, மாற்று டாங்கி இருக்கிறதே என்று அதை எடுத்தார்கள். அதில் இன்ஜின் ஆயில் மொத்தமும் ஒழுகிப்போனது. ஆட்டம் குளோஸ். ரஷ்யா, சீனா, கஜகஸ்தான், பெலாரஸ் நாலும் இறுதிச் சுற்றுக்குப் போக, இந்தியா வெளியே வந்தது.

இதை நான் படித்துச் சொன்னபோது, டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டிராக்டர்காரர் ஒருவர் துடித்துப்போனார். "ஃபேன் பெல்ட்டா? அட, நான் உழவுக்குப் போறப்பக்கூட சீட்டுக்கு அடியில ஒண்ணு சொருகி வச்சிருப்பேனே!" என்றார்.

சிரித்தோம். ஆனால் பட்டாளத்து மாமா சிரிக்கவில்லை.

"சிரிக்காதீக. அங்க அறுந்தது நல்லதாப் போச்சு. போட்டியில அறுந்தா மானம் போகும். சண்டையில அறுந்தா மூணு உசிரு போகும். எங்க அறும்னு தெரிஞ்சுக்கிடத்தான் வே போட்டியே!"

எந்தக் காமர்ஸ் பாடத்திலும் இவ்வளவு சுருக்கமாக ஆடிட்டிங்கை எனக்கு யாரும் விளக்கியதில்லை.

பாலைவனத்தில் முதலிடம்

2019 ஆகஸ்டில் அதே ராணுவ விளையாட்டுகளின் ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்தது. ராஜஸ்தான் ஜெய்சல்மேரில் 'ஆர்மி ஸ்கவுட் மாஸ்டர்ஸ்' போட்டி. ஸ்கவுட் என்றால் முன்னால் போய் உளவு பார்த்து வரும் வீரர்கள். இந்தியா, ரஷ்யா, சீனா, பெலாரஸ், ஆர்மீனியா, கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், சூடான் என்று எட்டு நாடுகள். அந்த வெயிலில், அந்த மணலில் நம்மவர்கள் முதலிடம் பெற்றார்கள்.

சொந்த மண், சொந்த வெயில் என்ற சாதகம் இருந்தது உண்மை. ஆனால் அலபினோவில் மானம் போய் இரண்டே வருஷம். அறுந்த இடத்தைத் தெரிந்துகொண்டவன் அப்படியே உட்கார்ந்துவிடவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

மெடல் மட்டும் வாங்கினால் போதுமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. டாங்கி பயத்லானில் வருஷா வருஷம் கோப்பையை அள்ளிய நாடு ரஷ்யா. 2022 பிப்ரவரியில் அதே ரஷ்யா உக்ரேனுக்குள் டாங்கிகளோடு நுழைந்தது. பனி உருகும் பருவம். எத்தனையோ டாங்கிகள் சேற்றில் புதைந்து, ஓட்டி வந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போன படங்களை உலகமே பார்த்தது. உக்ரேன் மண் என்ன மண் தெரியுமா? கறுப்பு மண்! நம்ம கரிசல் களிமண்ணால் பிசுபிசுப்பது. அவர்களுடையது மக்கிய புல்லால் கறுத்தது. ஜாதி வேறு. ஆனால் ஈரமானால் இரண்டும் ஆளை விடாது. மைதானத்தில் மேடும் பள்ளமும் போட்டி நடத்துபவர் வெட்டியது. வயலில் உள்ள சேறு யாரையும் கேட்டு வெட்டியதில்லை.

மாமாவிடம் சொன்னேன். ஒரே வரிதான் சொன்னார்:

"கரிசலுக்கு மெடல் தெரியாதுலே."

அக்கா கேட்டதும், மருமகன் கேட்டதும்

இதற்கிடையில் வீட்டில் எனக்கு வேறொரு போட்டி நடந்துகொண்டிருந்தது. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீ சொன்னா அவன் கேப்பான். பட்டாளம் வேண்டாம்னு சொல்லு. நாலு வருஷம் கழிச்சு வெளிய அனுப்பிட்டா எவன் வேலை குடுப்பான்?"

அக்கா கேட்டதில் நியாயம் உண்டு. 2022-ல் வந்த அக்னிபத் திட்டப்படி நாலு வருஷம் வேலை. அதன்பின் அதிகபட்சம் கால்வாசிப் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்பது அப்போது அறிவித்த விதி. பி.காம் மூளை கணக்குப் போட்டது: முதல் வருஷம் மாசம் 30,000 ரூபாய், அதில் 30 சதவீதம் பிடித்தம், கைக்கு 21,000. நாலாவது வருஷம் 40,000. பிடித்ததற்குச் சமமாக அரசாங்கமும் போட்டு, வட்டியோடு முடிவில் கைக்கு வருவது சுமார் 11.71 லட்சம் என்று அறிவித்தார்கள். தீப்பெட்டி ஆபீஸிலோ திருப்பூரிலோ நாலு வருஷத்தில் இவ்வளவு மிஞ்சுமா என்றால் மிஞ்சாது. ஆனால் 24, 25 வயசில் மறுபடி பூஜ்யத்திலிருந்து வேலை தேட வேண்டியிருக்கலாம். இரண்டு பக்கமும் எழுதி அக்காவிடம் காட்டினேன். அவள் பேப்பரைப் பார்க்கவே இல்லை.

"காசைக் கேட்டனா? பிள்ளையைக் கேக்கேன்" என்றாள்.

அந்தச் சமயம் பார்த்து நான் ஒரு கதை சொன்னேன். சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொன்னேன்.

உலக ராணுவங்களுக்கென்று ஒரு விளையாட்டுச் சங்கம் 1948-லிருந்து இருக்கிறது. 'விளையாட்டால் நட்பு' என்பது அதன் கொள்கை. ஒலிம்பிக் மாதிரியே நாலு வருஷத்துக்கு ஒரு முறை ராணுவ உலக விளையாட்டுகளை நடத்துகிறது. முதலாவது 1995-ல் ரோமில். 2007-ல் நம்ம ஹைதராபாத்தில். 2019 அக்டோபரில் சீனாவின் வூஹானில்.

அந்த வூஹானுக்குப் போனவர்களில் ஒருவர் கும்பகோணத்துக்காரர். ஆனந்தன் குணசேகரன். நம்ம மாமாவின் அதே மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். 2008-ல் காஷ்மீர் எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் இடது காலை இழந்தவர். செயற்கைக் காலோடு ஓடப் பழகினார். வூஹானில் மாற்றுத்திறன் வீரர்களுக்கான 100, 200, 400 மீட்டர் ஓட்டங்கள் மூன்றிலும் அவருக்குத்தான் தங்கம்.

சொல்லி முடித்தேன். அக்கா கேட்டாள்: "எந்தக் காலு போச்சுன்ன?"

அதே நிமிஷத்தில் மருமகன் கேட்டான்: "மூணுமே தங்கமா மாமா?"

ஒரே கதை. தாய்க்குக் கேட்டது கால். மகனுக்குக் கேட்டது தங்கம். இரண்டு பேரும் தப்பாகக் கேட்கவில்லை. நான்தான் நடுவில் திருதிருவென்று முழித்தேன்.

கோவில்பட்டி கேம்ப்ரியன்

விஷயம் மாமாவின் காதுக்குப் போனது. "பயலுக்குப் பட்டாளம்னா என்னன்னு காட்டிருவோம். பிறகு அவனே சொல்லட்டும்" என்றார். ஓடப் பழகும் பையன்களில் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார். முதுகுப் பையில் ஆளுக்கு 10 கிலோ மக்காச்சோளம். வண்டிப்பாதை வழியாக இடைசெவல் வரை போய்த் திரும்ப வேண்டும். (ஆமாம், கி.ரா.வின் இடைசெவல்தான்.) சுமார் 20 கிலோமீட்டர். நேரம் ஐந்து மணி. மொத்தம் 100 மார்க். 75-க்குத் தங்கம்.

"வெள்ளாமைல ஒரு கால்தடம் பட்டாலும் மார்க் கட்! கரிசக்காட்டுப் பிள்ளைக பயிரை மிதிச்சா, மெடல் வாங்கி என்னத்துக்கு?" என்றார் மாமா. இந்த விதி வேல்ஸில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் ஊரில் இருந்தே ஆக வேண்டும்.

நான் நடுவர். வாகனம், என்னுடைய பழைய மொபெட்.

ஐப்பசி மாசம். முந்தின ராத்திரி நல்ல மழை. காலை ஆறு மணிக்கு மாமா பைகளைப் பிரித்தார். தண்ணீர், கயிறு, டார்ச், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் இருக்க வேண்டும் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். மூன்று பேரிடம் டார்ச் இல்லை. இரண்டு பேரிடம் பொட்டலம் இல்லை. ஒருவன் உப்பை மறந்து கடலைமிட்டாய் கொண்டு வந்திருந்தான். (மாமா அதைப் பறிமுதல் செய்தார். பிறகு அவரே சாப்பிட்டார்.) 20-க்கு 12.

முதல் நாலு கிலோமீட்டரில் என் மருமகன் வழக்கப்படி முந்திப் போய்விட்டான். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஏழு பேரும் சிதறி வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் வந்த பொடியனுக்குச் செருப்பு வார் அறுந்து, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். மாமா கத்தவில்லை. நோட்டை எடுத்து என்னவோ எழுதினார்.

"தாத்தா, நான்தான் ஃபர்ஸ்ட்!" என்றான் இவன்.

"ஆமாலே. எதிரி கையில மாட்டுறதுலயும் நீதான் ஃபர்ஸ்ட். போ, அந்தக் கடைசிப் பயலோட வா."

இடைசெவலுக்குப் பக்கத்தில் அடுத்த சோதனை. காயம்பட்ட ஒருவரை 500 மீட்டர் தூக்கிப் போக வேண்டும். காயம்பட்டவர் யார்? மாமாவின் பார்வை என் மேல் விழுந்தது. நான் 82 கிலோ. இரண்டு கம்பு, இரண்டு சாரம். சாரத்துக்குள் கம்பைக் கோத்து ஒரு ஸ்ட்ரெச்சரை மூன்றே நிமிஷத்தில் கட்டிவிட்டார்கள். என்னைத் தூக்கியபோது எட்டுப் பேர் வாயிலிருந்தும் வந்த சத்தத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் கீழே போடவில்லை. நாலு நாலு பேராக மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவன் என் மருமகன். 25-க்கு 21.

வந்த வழியில் எத்தனை கிணறு, எத்தனை பாலம், எத்தனை மின்கம்பம் என்று மாமா திடீரென்று கேட்டார். பையன்கள் ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். 25-க்கு 16. (எனக்கு ஒரே ஒரு டீக்கடை இருந்தது மட்டும்தான் ஞாபகம்.)

திரும்பும் வழியில்தான் அது நடந்தது. மறுபடி ஒரு மழை. பத்தே நிமிஷம். கரிசலுக்கு அது போதும். காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும் மண், நனைந்தால் அப்பம் மாதிரி உள்ளங்காலில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிலோ கூடும். பையன்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். என் மொபெட்டைக் கையில் எடுக்க முடியாதே! மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சேறு அடைத்து, சக்கரம் சிக்கென்று பிடித்துக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. 46 டன் டாங்கியைக் கேலி பண்ணிச் சிரித்தவனின் 50 சொச்சம் கிலோ மொபெட், கரிசலில் காலை ஊன்றி நின்றது!

"மாப்ள, குச்சி இருக்கா, சேறு நோண்ட?" என்றார் மாமா.

இல்லை. கரிசல்காட்டில் பிறந்து வளர்ந்து, ஐப்பசியில் வண்டி எடுத்து வந்தவனிடம் ஒரு குச்சி இல்லை. ஃபேன் பெல்ட் சொருகி வைத்த டிராக்டர்காரர் முகம் மனசில் வந்து போனது.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "நடுவரை விட்டுட்டுப் போயிருவோமா?" என்றான் ஒருவன். நியாயமான யோசனைதான். எல்லாரும் என் மருமகனைப் பார்த்தார்கள். காலையில் முதலில் ஓடியவன் அவன். அவன் வாட்சைப் பார்த்தான். பொடியனின் பை ஏற்கெனவே அவன் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது வாங்கி மாட்டினான் என்று நான் கவனிக்கவில்லை.

"எட்டுப் பேரு இல்லலே, இப்ப ஒம்போது பேரு. தூக்குங்க" என்றான்.

மொபெட்டை நாலு பேர் தூக்கினார்கள். பயிரில் ஒரு தடம் படாமல், வரப்போரமாக, தார் ரோடு வரை. 40 நிமிஷம் போச்சு.

வீட்டு வாசலுக்கு வந்தபோது சேர்ந்து வருவதற்கான 30 மார்க்கில் 22 போட்டார் மாமா. காலையில் சிதறி வந்ததற்கும், 40 நிமிஷத் தாமதத்துக்கும் சேர்த்து எட்டு கட். கூட்டினேன். 12, 21, 16, 22. மொத்தம் 71. வெள்ளி!

பையன்கள் குதித்தார்கள். "தாத்தா, லேட்டானது நடுவர் வண்டியால!"

"சண்டையில மழை வந்துட்டா எதிரி டயம் குடுப்பானாலே? 71-ன்னா 71-தான். அந்த டார்ச்சையும் உப்பையும் ஒழுங்கா எடுத்து வச்சிருந்தீகன்னா இன்னிக்குத் தங்கம். கணக்கப்பிள்ளை, சரிதானே?"

சரிதான். பையில் போன எட்டு மார்க் வந்திருந்தால் 79. சேற்றில் தோற்கவில்லை, புறப்படும் முன்பே வாசலில் தோற்றிருந்தார்கள். ஆடிட்டர் ரிப்போர்ட் முடிந்தது.

அக்கா காலையிலிருந்தே வாசலில்தான் நின்றிருக்கிறாள். இட்லி அவித்து, வெங்காயச் சட்னி அரைத்து வைத்திருந்தாள். மகனை முதலில் பார்க்கவில்லை. ஒவ்வொருவனாக விரல் விட்டு எண்ணினாள். எட்டு வந்ததும்தான் மூச்சு விட்டாள்.

"எல்லாரையும் கூட்டிட்டு வந்துட்டியாலே?" என்று மகனைக் கேட்டாள்.

"ம்" என்றான். "மாமா வண்டியையும்."

அன்றைக்கு அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் அடுத்த ஆள்சேர்ப்புக்கு மனுப் போட்டிருக்கிறான். என்ன ஆகும் என்று தெரியாது. நாலு வருஷக் கணக்கு எழுதிய என் பேப்பரை அவனே வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எது அறும் என்று தெரிந்துகொண்டு போகிறான். எனக்கு அது போதும்.

மறுநாள் நாலே முக்காலுக்குக் கதவைத் தட்டும் சத்தம். எழுந்து திறந்தேன். அக்கா நின்றிருந்தாள்.

"எந்திரி. பிள்ளை போய் அரை மணி நேரமாச்சு. டைம் பாக்க ஆள் வேண்டாமா?"

செல்போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மொபெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அதன் சீட்டுக்கு அடியில் இப்போது ஒரு குச்சி இருக்கிறது!